ஒரு பொத்தான் போதும்

பெட்டி என்று சொன்னாலும் அது பயணத்துக்கு எடுத்துப்போகும் சோப்பு டப்பாதான். வெள்ளை பிளாஸ்டிக், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். முன்பக்கத்தில் சூடு காட்டிய ஊசியால் வரிசையாகத் துளை போட்டு, உள்ளே ஒரு சின்ன ஒலிபெருக்கியை ஒட்டியிருந்தாள் சின்னி. மேல் மூலையிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்று கிளம்பி, சட்டைக் காலரில் மாட்டிக்கொள்ளும் மைக்கில் போய் முடிந்தது. வலப்பக்க விளிம்பில் ஒரு பொத்தான். ஒன்றே ஒன்று.

"என்னம்மா இது, குளிக்கும்போது பாடுறதுக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் முதலாளி.

"எங்க அண்ணனுக்கு சார். பேசுறதுக்கு."

முதலாளி சிரிப்பைப் பாதியில் விழுங்கிக்கொண்டு, டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வைத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் பலகைகளைச் செய்துகொடுக்கும் சிறிய பட்டறை அது. ஒரு நீள மேசை, தலைக்கு மேலே குழல் விளக்குகள், சால்டரிங் புகையை வெளியே தள்ளுவதாகப் பாவனை செய்யும் ஒரு மின்விசிறி. ஒவ்வொரு பலகையிலும் உட்காரும் மைக்ரோகண்ட்ரோலர் என்ற சின்னக் கணினிச் சில்லுக்கு எப்போது என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக்கொடுப்பதுதான் சின்னியின் வேலை. கடைக்குட்டி என்பதால் வீட்டில் வைத்த பெயர் சின்னி. நாற்பதைத் தாண்டியும் அந்தப் பெயர் உதிரவில்லை. பட்டறை வரைக்கும் கூடவே வந்துவிட்டது.

மதிய இடைவேளைகளில்தான் டப்பாவைச் செய்தாள். ஒலியைப் பெருக்கும் பகுதி பெரிய வித்தை ஒன்றுமில்லை, கடையில் கிடைக்கும். அவள் ஆசை ஆசையாகச் செய்தது பொத்தானைத்தான். அணைந்திருக்கும்போது பேட்டரியிலிருந்து ஒரு சொட்டுக்கூடக் கசியக் கூடாது. ஆனால் அதே பொத்தான் போடவும் வேண்டும், அணைக்கவும் வேண்டும். அழுத்தும்போது விரல்தான் மின்சாரத்துக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் மைக்ரோகண்ட்ரோலர் கண் விழித்ததும், முதல் காரியமாகத் தன் கால்களில் ஒன்றால் அந்தக் கதவைப் பிடித்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு விரல் போய்விடலாம், கதவு சாத்தாது. மறுபடி அழுத்தினால், இப்போது போகச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொண்டு, கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டு, கதவைப் பிடித்திருந்த காலை எடுத்துவிடுகிறது. கதவு சாத்திக்கொள்கிறது. தன்னைத் தானே அணைத்துக்கொள்ளத் தெரிந்த ஒரு பொருளைச் செய்ததில் அவளுக்கு ரகசியமாக ஒரு பெருமை இருந்தது.

இன்னொரு சங்கதியும் உண்டு. பொத்தானை ஒருமுறை அழுத்தினால் உள்ளே இருக்கும் தகடு ஒருமுறை மட்டும் தொடுவதில்லை. தரையில் விழுந்த காசு மாதிரித் துள்ளித் துள்ளித்தான் அடங்கும். கண் இமைப்பதற்குள் நடந்து முடிகிற அந்தத் துள்ளல்களையெல்லாம் மைக்ரோகண்ட்ரோலர் தனித்தனி அழுத்தலாக எண்ணிக்கொண்டால், போட்ட மாத்திரத்தில் அணைந்துபோகும். தகட்டின் துள்ளலைக் கணக்கில் எடுக்காதே, மனித விரல் அழுத்துவதை மட்டும் எடு என்று எழுதிவைத்தாள். எழுதியபின் தன் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். ஒருமுறைகூடத் தவறவில்லை.

"ஏம்மா, இது உயிரோட இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்? ஒரு லைட்டு கிடையாதா?" என்று எதிர் நாற்காலியிலிருந்து கேட்டாள் பலகைகளில் ஈயம் பற்றவைக்கும் சால்டர் அக்கா.

"இருந்துச்சுக்கா. அண்ணன் வேணாம்னுட்டார். நெஞ்சுல விளக்கு எரிஞ்சா ஆஸ்பத்திரியில இருந்து எழுந்து வந்த மாதிரி இருக்காம்."

"அவர் எங்க இருந்து எழுந்து வந்தாராம்?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். சின்னி விளக்குக்காகப் போட்டிருந்த துளையைப் பசை வைத்து அடைத்துவிட்டாள்.

*

அண்ணன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குரலுக்கு அந்தத் தடத்தில் தனி மரியாதை. "பின்னால நிக்கிறவங்க முன்னால வாங்க, முன்னால நிக்கிறவங்க மனசு வெச்சா உள்ள போங்க, மனசே இல்லாதவங்க அடுத்த வண்டியில வாங்க" என்று அவர் ஒரு சத்தம் போட்டால், நெரிசலில் கால் மிதிபட்டவன்கூடச் சிரித்துவிடுவான். ஆனால் டிரைவரிடம் அவர் வாயைத் திறந்ததே கிடையாது. டிரைவர் தலைக்கு மேல் ஒரு மணி. அதிலிருந்து வண்டியின் நீளத்துக்கும் ஒரு கயிறு. ஒரு இழுப்பு இழுத்தால் நிறுத்து. இரண்டு இழுத்தால் கிளம்பு. பள்ளிக்கூட நாட்களில் சின்னி அந்த வண்டியில்தான் போய்வருவாள். டிக்கெட் கிழித்துக்கொண்டே, யாருடனோ வம்பளந்துகொண்டே, பார்க்காமலே கையை மேலே நீட்டி டிங் டிங் என்று அவர் இழுப்பது அவளுக்கு அப்போது பெரிய சாகசமாகத் தெரியும்.

அண்ணி இறந்தபிறகு அவரும் மகளும் மட்டும்தான் அந்த வீட்டில். மகளுக்குக் குருவி என்று பெயர் வைத்தவர் அவரே. காலையில் கண் திறந்ததிலிருந்து ஓயாமல் பேசும் பிள்ளை. குருவிக்குத் தொலைதூர நகரத்தில் ஒரு வேலை கிடைத்தது. அதே சமயத்தில்தான் அவர் கழுத்தில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது, அறுத்து எடுத்துவிட வேண்டும் என்றார்கள். பயத்தைப் பயம் என்று சொல்லத் தெரியாத மனிதர் அவர். மகளிடம் கத்தினார்.

"போறதுன்னா போ. போனா திரும்பி வராதே."

தெருவுக்கே கேட்டது. கட்டியை எடுத்தார்கள், குரலுக்குப் போகும் நரம்பும் அதோடு கெட்டுப்போனது. அதற்குப்பின் அவர் தொண்டையிலிருந்து வந்ததெல்லாம் காகிதத்தைக் கசக்குவது போன்ற ஒரு காற்றுச் சத்தம்தான். ஆக, மகளிடம் அவர் சொந்தக் குரலில் கடைசியாகப் பேசியது அந்த ஒரு வார்த்தையாகிப் போனது.

குருவி வேலையில் சேரும் தேதியைத் தள்ளிப்போட்டுவிட்டு அப்பாவைப் பார்த்துக்கொண்டாள். கஞ்சி கரைத்துக் கொடுத்தாள், கட்டு மாற்றினாள், மருந்து நேரம் தப்பாமல் எழுப்பினாள். ஆனால் பேச்சு நின்றுபோயிருந்தது. தட்டு வைக்கும் சத்தமும் தண்ணீர் ஊற்றும் சத்தமும் மட்டுமே கேட்ட அந்த வீட்டுக்குள் நுழையவே சின்னிக்குக் கஷ்டமாக இருக்கும்.

"ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடேன் அண்ணா" என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

அவர் அவள் காதருகே குனிந்தார். "கத்தினது வாயால. எழுதிக் குடுத்தா சரியாப் போயிடுமா?"

"சரி, என்ன சொல்லப்போறே?"

"போயிட்டு வான்னு சொல்லணும். வேற என்ன இருக்கு சொல்றதுக்கு."

ஊருக்குக் கிளம்பும் யாரையும் 'போ' என்று மட்டும் சொல்லி அனுப்பாத வீடு அது. கடைக்குப் போகிறவனுக்குக்கூட 'போயிட்டு வா'தான். அந்த 'வா'வைத்தான் அவர் அன்று பிடுங்கி எறிந்திருந்தார். அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் டப்பா.

முதலில் செய்துகொடுத்ததில், அணைப்பதற்குப் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அண்ணனுக்கு அந்தப் பொறுமை இல்லை. அழுத்துவார், உடனே விடுவார், டப்பா அணையாது, இருமினால் அறையே அதிரும். "என்ன எழவுடா இது, வாயை மூடவே மாட்டேங்குது" என்று டப்பா வழியாகவே டப்பாவைத் திட்டினார். குருவிகூட அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு சிரித்ததைச் சின்னி பார்த்தாள். மறுநாளே மாற்றி எழுதிவிட்டாள்: ஒரு தட்டு தட்டினால் உயிர் வரும், இன்னொரு தட்டு தட்டினால் அணையும்.

"இப்ப சொல்லு, எப்படி?"

அவர் தட்டினார். "நல்லா இருக்கு" என்றது டப்பா, கொஞ்சம் தகரம் கலந்த குரலில். மறுபடி தட்டினார். மௌனம். முகம் மலர்ந்து தலையை ஆட்டினார்.

மகள் வீட்டில் இல்லாத நேரத்தில் கண்ணாடி முன் நின்று பழகினார். தட்டு, "போயிட்டு வா, குருவி." தட்டு. ஒருநாள் சின்னி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அது உள்ளேயிருந்து கேட்டது. கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு, தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தாள்.

"வீட்டுலயே சொல்லிடலாமே அண்ணா, இப்பவே" என்று பிறகு சொன்னாள்.

"கிளம்பும்போதுதான் சொல்லணும். அதுக்கு முன்னால சொன்னா துரத்துற மாதிரி இருக்கும்."

*

குருவி கிளம்பிய அன்று சின்னி பஸ் நிலையத்துக்குப் போகவில்லை. தொட்டி நிரம்பாமலே மோட்டாரை நிறுத்திவிடுகிறது என்று ஒரு கட்டுப் பலகைகள் பட்டறைக்குத் திரும்பி வந்திருந்தன. முதலாளி ஒன்றும் போகக்கூடாது என்று சொல்லவில்லை. "போகணும்னா போயிட்டு வாம்மா" என்றுதான் சொன்னார். அவளேதான் இருந்துவிட்டாள். டப்பா நன்றாக வேலை செய்கிறது, அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளும் இடத்தில் நாம் எதற்கு நந்தி மாதிரி என்று நினைத்தாள். அந்த நினைப்பு அன்று நியாயமாகத்தான் பட்டது.

மாலையில் அண்ணன் வீட்டுக்குப் போனபோது அவர் நாற்காலியில் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். டப்பா மேசைமேல் கிடந்தது.

"சொன்னியா?"

தலையசைத்தார். அருகில் வரும்படி கையைக் காட்டினார். அவள் குனிந்து காதைக் கொடுத்தாள்.

"சொன்னேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டா."

"கேட்டிருக்காதோ என்னவோ? வண்டிச் சத்தத்துல…"

"ஜன்னல்கிட்டயே நின்னு சொன்னேன். என் மூஞ்சியப் பார்த்துக்கிட்டே இருந்தா. சொல்லி முடிச்சதும் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. விடு."

அவர் விட்டுவிட்டார் என்றே தோன்றியது. டப்பாவைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார், பால்காரரிடம் பேசினார், பக்கத்து வீட்டுக்காரரின் வாகன நிறுத்தம் பற்றி நியாயம் கேட்டார். குருவி வாரத்துக்கு ஒருமுறை கூப்பிடுவாள்; சாப்பாடு, மாத்திரை, வெயில், மழை. அவரும் அதற்கு மேல் எதுவும் கேட்பதில்லை. இரண்டு பேரும் ஒரே சந்தில் எதிரெதிரே வரும் வண்டிகள் மாதிரி, உரசாமல் ஒதுங்கி ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

மாதங்கள் போயின. ஒருநாள் மதியம் பட்டறை நடைவழியில் நின்று சின்னி சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருக்கும்போது குருவி கூப்பிட்டாள்.

"அத்தை, ஒண்ணு சொல்லணும். திட்டக்கூடாது."

"முதல்ல விஷயத்தைச் சொல்லு. திட்டுறதா வேணாமான்னு அப்புறம் பார்க்கலாம்."

"எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு."

சின்னி குழாயை மூடினாள். கூட வேலை செய்கிறவர், நல்ல மாதிரி, இரண்டு நண்பர்களைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டோம் என்று குருவி சொல்லிக்கொண்டே போனாள். பழைய வேகம் பேச்சில் திரும்பி வந்திருந்தது.

"ஏன்டி, உங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம…"

"எப்படிச் சொல்வேன் அத்தை? அன்னிக்கு பஸ்லயே நான் கட்டிக்க நினைச்சவரைப் பத்தி அப்பாகிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். சேர்ற தேதியைத் தள்ளிப்போடக் கூப்பிட்டப்ப பழக்கம், அப்ப நாங்க போன்ல மட்டும்தான் பேசிட்டு இருந்தோம். அப்பா ஒரு வார்த்தை நல்லதா பேசட்டும், உடனே நானும் சொல்லிடலாம்னு ஜன்னலோரமா காத்துக்கிட்டு இருந்தேன். என் பெட்டியை ஏத்தும்போது கண்டக்டர்கிட்ட டப்பா வழியா நல்லாப் பேசினார். எனக்கு உள்ளே வரைக்கும் கேட்டுச்சு. அப்புறம் ஜன்னல்கிட்ட வந்து நின்னார். என்னைப் பார்த்தார். பார்த்துட்டு அந்த டப்பாவை அமுக்கி அணைச்சுட்டார்."

"அணைச்சாரா? போட்டிருப்பாரு."

"போட்டா சத்தம் வரணுமா இல்லையா? ஒண்ணுமே வரல. உதடு மட்டும் அசைஞ்சது. கோபம் வந்தா அவர் தனக்குத்தானே முணுமுணுப்பாரே, அப்படி." அவள் குரல் மெலிந்தது. "வராதேன்னதை எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொன்னார். அன்னிக்கு எனக்கு மட்டும் கேக்கக்கூடாதுன்னு அணைச்சுட்டார். இதுக்கு மேல நான் என்ன போய் அவர்கிட்ட சொல்றது?"

*

அன்று மாலை சின்னி அண்ணனிடமிருந்து டப்பாவை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். ஒயர் எங்கும் விடவில்லை. பேட்டரி சரியாக இருந்தது. தட்டினாள், உயிர் வந்தது. தட்டினாள், அணைந்தது. மறுநாள் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சால்டர் அக்காவிடம் கொடுத்தாள். அவள் தட்டிவிட்டு, "முதலாளி ஒழிக" என்று டப்பாவில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். உள்ளறை வரைக்கும் கேட்டது. முதலாளி எட்டிப் பார்த்தார். டப்பாவில் ஒரு குறையும் இல்லை.

டப்பாவில் குறை இல்லை என்றால், குறை அண்ணனிடம்தான் இருக்க வேண்டும். சின்னி அப்படித்தான் நினைத்தாள். கடைசி நேரத்தில் பழைய கோபம் வந்து அணைத்துவிட்டு, அப்புறம் தங்கையிடம் சொன்னதாகச் சொல்லியிருக்கிறார். அவர் பிடிவாதம் ஊரறிந்தது. அவளுடைய சர்க்யூட்டை அவள் நம்பியதுபோல அண்ணனை நம்பவில்லை.

"அண்ணா, அன்னிக்கு நிஜமாவே பேசினியா?" என்று கேட்டே விட்டாள்.

அவர் டப்பாவைத் தட்டினார். ஒரே தட்டு. "என்னைப் பொய்யன்னு சொல்றியா?"

தகரக் குரலில் அது இன்னும் காரமாக விழுந்தது. மறுபடி தட்டி அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கல்யாணச் செய்தியை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவள் வீட்டுக்குக் கிளம்பினாள். மறுநாள் சொல்லலாம் என்று தள்ளினாள். அந்த மறுநாளும் தள்ளிப்போனது.

அடுத்த வாரம் தொண்டை மருத்துவரிடம் காட்டுவதற்கு அவரை அழைத்துப்போனாள். பஸ் நிறுத்தத்தில் நல்ல கூட்டம். வண்டி வந்து நின்று, என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. படிக்கட்டில் ஆட்கள் தொங்கினார்கள். சின்னி முன்னால் போய் ஒரு காலைப் படியில் வைத்துத் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் பின்னால் நின்றிருந்தார். அவர் கை தலைக்கு மேலே ஒரு கணம் போய், அங்கே எதுவும் இல்லாததால் இறங்கி, மார்பில் தொங்கிய டப்பாவுக்கு வந்தது. கட்டைவிரல் இரண்டுமுறை தட்டியது. டக் டக்.

அப்புறம் அவர் பேசினார். உதடுகள் அசைந்தன. கண்களில் அதட்டல் தெரிந்தது. எதுவும் கேட்கவில்லை.

அவர் தொடர்ந்து பேசிக்கொண்டேயிருந்தார், அவளுக்கு எல்லாம் கேட்கிறது என்ற நம்பிக்கையோடு. இத்தனை வருடம் என்ஜின் பக்கத்தில் நின்ற காதுக்கு, அந்த இரைச்சலில் அவர் நெஞ்சிலிருந்து சத்தம் வருகிறதா இல்லையா என்று தெரியவில்லை. சின்னி படியிலிருந்து காலை எடுத்தாள். பின்னாலிருந்தவர்கள் திட்டிக்கொண்டே ஏறினார்கள். வண்டி போய்விட்டது.

"ஏன் ஏறல?" என்று கேட்பது அவர் உதட்டில் தெரிந்தது.

அவள் நெருங்கிப்போய், "என்னண்ணா சொன்னே இப்ப?" என்றாள்.

அவர் எரிச்சலோடு குனிந்து கிசுகிசுத்தார். "படி வழுக்கும், கம்பியைப் பிடிச்சு ஏறுன்னேன். காது கேக்கலையா உனக்கு?"

"டப்பாவை ரெண்டு தடவை தட்டினியே, ஏன்?"

"தட்டினேனா?" தன் கட்டைவிரலைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். "வண்டி கிளம்பப் போகுதுல்ல. ரெண்டு அடிச்சாத்தானே…"

கட்டைவிரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டார்.

வீட்டில் கண்ணாடி முன் நின்றபோது அவர் ஒரு தட்டுத்தான் தட்டினார். கடையிலும் பால்காரரிடமும் ஒரு தட்டுத்தான். உறுமும் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் கை அவருடையதாக இல்லை, கயிற்றினுடையதாகிவிட்டது. பெட்டியை ஏற்றும்போது என்ஜின் ஓடியிருக்காது, கண்டக்டரிடம் பேசிவிட்டு ஒரு தட்டில் அணைத்திருப்பார். அப்புறம் ஜன்னலருகே, முதல் தட்டில் மைக்ரோகண்ட்ரோலர் விழித்துக் கதவைப் பிடித்திருக்கும். இரண்டாவது தட்டில், போகச் சொல்கிறார்கள் என்று விட்டிருக்கும். தகட்டின் துள்ளலைத் தள்ளிவிடச் சொல்லிக்கொடுத்திருந்தாள். இது துள்ளல் இல்லை, மனித விரல். அது எழுதியபடியே நடந்துகொண்டது. ஜன்னலுக்குள் இருந்து பார்த்தவளுக்குப் போடுவதும் அணைப்பதும் ஒரே மாதிரிதான் தெரிந்திருக்கும், விரல் ஒன்று, பொத்தான் ஒன்று. ஒரு சின்ன விளக்கு எரிந்திருந்தால்கூட, அணைந்திருக்கிறது என்று அவராவது குனிந்து பார்த்திருப்பார்.

அவருடைய வண்டியில் போய்வந்த அத்தனை நாளும் அந்தக் கையை அவள் பார்த்திருக்கிறாள். டிங் டிங். அவளைவிட அந்தக் கையை அறிந்தவர்கள் யார் இருக்கிறார்கள்?

நிறுத்தத்துச் சிமெண்டுப் பலகையில் அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். டப்பா அன்று ஊமையாக இருந்ததை முதலில் சொன்னாள்.

அவர் கண்கள் விரிந்தன. "அப்போ குருவி மூஞ்சியத் திருப்பிக்கலையா?"

"கோபத்துல இல்லண்ணா. நீ பேசுவேன்னு காத்துக்கிட்டு இருந்திருக்கா. சத்தம் வரலைன்னதும், நீ அணைச்சுட்டேன்னு நினைச்சுத் திரும்பிட்டா."

அவர் சிரித்தார். தொண்டையில் காற்று மட்டும் வந்து போன சிரிப்பு. "திருப்பிக்கலையா" என்று இன்னொரு தடவை கேட்டுக்கொண்டார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சின்னி மீதியையும், கல்யாணம் ஆனதையும், சொல்லிவிட்டாள். சொல்லி முடித்தபின் இரண்டு வண்டிகள் வந்து போயின.

"மாப்பிள்ளை நல்லா பேசுவாராமா?" என்று கேட்டார் கடைசியில்.

"தெரியலண்ணா. நல்ல மாதிரின்னு சொன்னா."

"பேசுறவரா இருந்தா சரி."

"தப்பு என்னுதுதான் அண்ணா. நான் அதை…"

"நீ என்ன பண்ணுவே. மணியடிச்சது நான்." அவர் டப்பாவைச் சட்டைக்குள் தள்ளிவிட்டு எழுந்தார். "அடுத்த வண்டியாவது ஏறு."

*

மாற்றுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. அடுத்தடுத்து எத்தனை தட்டு வந்தாலும் ஒன்றாகவே எடுத்துக்கொள் என்று நாலைந்து வரிகள். அடைத்த துளையைக் குடைந்து திறந்து, பச்சை விளக்கை மறுபடி வைத்தாள். மேசையில் வைத்த தேநீர் ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று இருந்தது. சால்டர் அக்கா விஷயத்தைக் கேட்டுவிட்டு, வழக்கமாகச் சொல்லும் கிண்டல் எதையும் சொல்லாமல், அதற்குள் ஆறிப்போயிருந்த தேநீரை எடுத்துக்கொண்டுபோய்ச் சூடாக்கிக்கொண்டு வந்து வைத்தாள்.

குருவியிடம் சின்னி அன்று மாலையே பேசிவிட்டாள். குருவி எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்லவைத்தாள். பிறகு, "அப்ப என்னதான் சொன்னார் அத்தை?" என்று அழுகையோடு கேட்டாள்.

"அதை உங்கப்பாவே சொல்லட்டும். நாளைக்குக் கூப்பிடு."

மறுநாள், விடுமுறை நாள் காலை. அண்ணன் சவரம் செய்து, வெளியே போகும் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். போனை மேசையில் நிறுத்திவைத்து, சத்தத்தை வெளியே கேட்கும்படி போட்டுவிட்டாள் சின்னி. அவர் கட்டைவிரல் டப்பாவைத் தட்டியது. டக் டக். பச்சை விளக்கு எரிந்தது. அணையவில்லை.

"குருவி, கேக்குதா?"

"கேக்குதுப்பா. நல்லா கேக்குது."

 சின்னி எதிரில் நின்றுகொண்டு, 'சொல்லு' என்று உதட்டை அசைத்தாள். அவர் அவளைப் பார்த்தார், போனைப் பார்த்தார்.

"வீட்டுல தண்ணி ஒழுங்கா வருதா?"

"வருதுப்பா."

"எத்தனாவது மாடி?"

"மூணாவது. லிஃப்ட் இருக்கு." கொஞ்சம் தயங்கினாள். "அப்பா, அன்னிக்கு என்னப்பா சொன்னே?"

அவர் வாயைத் திறந்தார். கண்ணாடி முன்னால் அத்தனை முறை சொல்லிப் பழகிய வார்த்தை. சின்னி அதைக் காதால் கேட்டிருக்கிறாள். தெருவைச் சுற்றிவிட்டு வந்திருக்கிறாள். ஆனால் அது ஜன்னலோரம் உட்கார்ந்து கிளம்பக் காத்திருக்கும் ஒரு பெண்ணிடம் சொல்லும் வார்த்தை. போய்ச் சேர்ந்து, வேலை பார்த்து, மூன்றாவது மாடியில் குடியேறி, தனக்கென்று ஒரு வீட்டை வைத்துக்கொண்டிருப்பவளிடம் அதை எந்த இடத்தில் கொண்டுபோய் வைப்பது?

"அது அன்னிக்குச் சொல்றதும்மா" என்றார்.

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "சரிப்பா. லீவு கிடைச்சதும் நாங்க வர்றோம்."

"வாங்க" என்றார் அவர்.

மகளை அவர் 'வாங்க' என்று அழைத்துச் சின்னி கேட்டதே இல்லை. குருவியும் அதைக் கவனித்திருக்க வேண்டும். ஒரு நொடி நின்று, "வெச்சிடட்டுமா?" என்றாள். அவர் தலையசைத்தார், அது அவளுக்குத் தெரியாது என்பதை மறந்து. "வெச்சிடும்மா" என்று சின்னிதான் சொன்னாள்.

போன் அணைந்தது. அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டப்பாவை அணைக்க மறந்துவிட்டார். காலரில் மாட்டியிருந்த மைக் அவர் மூச்சை எடுத்துப் பெரிதாக்கி அறைக்குள் விட்டுக்கொண்டிருந்தது. இழுப்பதும் விடுவதும், இடையில் ஒரு சின்ன அடைப்பும். சின்னி அணைக்கலாம் என்று கையை நீட்டினாள். பச்சை விளக்கைப் பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டு, எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.